நகலெடுக்கும்போது கழற்றப்பட்ட டிரைவ் குறித்து

பெயர் ஹரிஷங்கர், வயது 36, தகப்பனார் வீரராகவன், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். கொல்கத்தா டாக்குரியா ரயில் நிலையம் அருகே குடியிருந்து, கெட்டுப்போன டிரைவ்களிலிருந்து தகவல் மீட்டுத்தரும் கடை வைத்திருக்கிறேன். வழக்கு தமிழ்நாட்டில் நடப்பதால் தமிழில் கொடுக்கும் வாக்குமூலமாவது:

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த மஹிமா ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவைக் கொண்டுவந்தார். அவர் கணவர் சாய் கிருஷ்ணா தூத்துக்குடியில் நடந்த கிடங்குத் திருட்டு ஒன்றில் கைதாகி உள்ளே இருக்கிறார். சம்பவத்தன்று கணவர் டாக்குரியா வீட்டில்தான் இருந்தார், அதற்கு வாசல் கேமராப் பதிவு மட்டுமே சாட்சி, அது இதில் இருக்கிறது என்றார். மலிவு டிரைவ், மலிவாகவே நடந்துகொண்டது. அதை இயக்கும் ஃபர்ம்வேர் சிதைந்து, கணினியில் கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டியது. ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றினால் டிரைவ் பிழைக்கும், பதிவுகள் அழியும். ஆகையால் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கிற தற்காலிக நிரலை ஏற்றினேன். பலமுறை ஏமாற்றியபிறகு ஒரு காலையில் உயிர் வந்தது. மறுபடி வரும் என்ற நம்பிக்கை இல்லாததால், நிறுத்தாமல் நகலெடுக்கத் தொடங்கினேன். மஹிமா டீயைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு, பாதி நகல் முடிந்திருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து விசாரணைக்கு வந்த உதவி ஆய்வாளர் செந்தில்நாதன் கடைக்குள் வந்து, டிரைவைக் கழற்றிக் கொடு, சீல் வைக்க வேண்டும் என்றார். நான், "சார், இப்ப புடுங்குனா செத்துரும். நமக்கு வேண்டிய நாள் இன்னும் வரல. சாயங்காலம் வரைக்கும் நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றேன். அதற்கு அவர், "ஓடவிட்டு அழிச்சிக்கிட்டு இருக்கியா? கைப்பற்றுனா முதல்ல பவரை நிறுத்தணும், அதான் முறை. கழட்டலேன்னா கடைக்கே சீல்" என்றார். ஓடவிட்டால் சாட்சியத்தை அழிப்பதாகச் சொல்வார்கள், நிறுத்தினால் நிஜமாகவே அழிந்துவிடும். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றேன். மஹிமா, "கழட்டாதீங்கண்ணா" என்றார். எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு டிரைவ் எந்தக் கணினியிலும் உயிர்பெறவில்லை. பாதி நகலில் அந்த நாள் இல்லை. சாய் கிருஷ்ணாவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. பதிவை அழித்ததாக என்மீதும் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

டிரைவைக் கழற்றியது யார் என்ற கேள்விக்கு: காவலர் எவரும் அதைத் தொடவில்லை. நான்தான் கழற்றினேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஹரிஷங்கர்