எனக்காக நின்ற தறிகள்

பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொண்டு வந்து, எனக்கு முன் முழங்கிய ஆறு பேரையும் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டு முடித்திருக்கும் விழாத் தலைவர், நெல் வணிகர் அப்பாண்டைநாதன் ஐயா அவர்களே! நெசவாளர் மன்றத்தின் இந்த ஆண்டு விழாவைத் தன் தோளில் சுமக்கும் செயலாளர், அண்ணன் வீரபாகு அவர்களே! கால் மரத்துப்போன பிறகும் இடம் பெயராத பெரியோர்களே! மடியில் உறங்கும் பிள்ளை விழித்துவிடுமே என்று கைதட்டாமல் தலையை மட்டும் ஆட்டும் தாய்மார்களே! உங்கள் அனைவரின் பாதங்களிலும் என் பணிவைப் பட்டாக விரிக்கிறேன்.

நான் தனகோடி. பட்டு நெய்பவன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன். முதல் முறை ஆங்கிலம் என்னைத் தள்ளியது. இரண்டாம் முறை நான் ஆங்கிலத்தைத் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். சிரிக்காதீர்கள், பின்வரிசையில் என்னோடு எழுதியவர்கள் இருக்கிறீர்கள்!

இப்படிப்பட்டவன் கையில் ஒலிபெருக்கி எதற்கு? ஒரு விண்ணப்பத்துக்கு. என் ஒரே மகள் ஜெயப்ரியா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். எலிசபெத் என்றொரு ராணி நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்டாளே, அந்தக் காலத்து லண்டன் நாடகங்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. அவற்றில் ஒரு துயர நாடகம். பெயரைச் சொன்னால் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், என் மகள் தலையில் கை வைத்துக்கொள்வாள். அரசன் இறந்து கிடக்கிறான், அவன் மகள் அழுகிறாள். அந்தக் காட்சியை நம் ஊர்ப் பேச்சில் எழுதி, இன்று இதே மேடையில் நடிக்க இருந்தாள்.

நேற்று அண்ணன் வீரபாகு நிகழ்ச்சி நிரலில் அதை அடித்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா மேடையில சாவு அழுவறதா? வேணாம்பா" என்றார். என் மகள் எழுதிய தாள்களை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அவற்றை வெளியே எடுக்க வழி கேட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு ஏது வாய்? அவருக்கும் முன்னால் வேண்டாம் என்றவன் நான்தானே!

"ஏம்மா, அந்த ராணி காலத்துல சிரிக்கிற நாடகமே எழுதலியா?"

"நிறைய எழுதினாங்கப்பா."

"அதப் படிக்கிறதுக்கு இன்னா? எப்பப் பாரு, செத்துகினே இருக்கானுங்க."

"நீ போய் டீ குடிச்சிட்டு வாப்பா."

ஒருநாள் மேசையைத் தட்டிக் காட்டினாள். லேசாக ஒரு தட்டு, அழுத்தமாக ஒரு தட்டு. இப்படி ஐந்து முறை விழுந்தால் ஒரு வரியாம். அரசன் பேசினாலும் அதே தாளம், கொலைகாரன் பேசினாலும் அதே தாளம். "அட, நம்ம தறி சத்தம்மா இது!" என்று குதித்தேன். அப்போது இளவரசியின் வரியைக் காட்டினாள். ஐந்து வரவேண்டிய இடத்தில் இரண்டோடு நின்றிருந்தது.

"அச்சடிச்சவன் மீதிய உட்டுட்டானா?"

"இல்லப்பா. அவளால பேச முடியல. மீதி மூணு தட்டுக்கு மேடையே சும்மா நிக்கணும்."

அந்த மூன்று தட்டையும் நானே மேசையில் தட்டிப் பார்த்தேன்.

பெரியோர்களே, நம் தெருவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு என்று கேட்டால் தறி நிற்கும். கைத்தறியும் நிற்கும், விசைத்தறியும் நிற்கும். உடல் எடுத்த பிறகுதான் மறுபடி ஓடும். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, நான் சரிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். வீட்டில் என் மகள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். "அப்பா, எந்திரிப்பா! ஊரே வாசல்ல வந்து நிக்குது, எந்திரிப்பா!" என்று ஒரே கதறல். பிறகு, நாடகத்தின்படி, மௌனம்.

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டுத் தறி நின்றது. பத்தே நிமிடத்தில் தெருவே நின்றது!

நான் திரும்பி வருகிறேன், சத்தமே இல்லை. யாரோ போய்விட்டார்கள் என்று நடையை எட்டிப் போடுகிறேன். எதிரே சைக்கிளில் ரோஜா மாலையோடு ஒருவர் வேகமாக வருகிறார். யார் என்கிறீர்கள்? இதோ, செயலாளர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாரே, அவரேதான்!

"யாருண்ணே போயிட்டது?" என்றேன்.

சைக்கிள் ஆடியது. "அடப்பாவி, நீதான்யா!" என்றார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! தன் சாவுக்குத் தானே போனவன் இந்த மேடையில் நான் ஒருவன்தான். வாசலில் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நாடகம்தான், நாடகம்தான் என்று என் மகள் கத்தியது அந்த ஒப்பாரியில் யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்கா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "இன்னாய்யா, குத்துக்கல்லாட்டம் நிக்கிற? அடுப்புல கொழம்ப அப்படியே உட்டுட்டு ஓடியாந்தேன்யா!" அடுத்த முறை ஏமாற்ற மாட்டேன் அக்கா என்று கும்பிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆதிலட்சுமி அக்கா சுவரைப் பார்த்தார். அங்கே என் மனைவி சாவித்திரியின் படம். அண்ணன் கையிலிருந்த மாலையை மெல்ல வாங்கினார்.

"இவன் சாவாததுக்கு இவ்ளோ அழுதோமே, இவளுக்கு நாம அழுவலியே" என்றார்.

ஆமாம். என் சாவித்திரி கொரோனாவில் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. முகம் காட்டவில்லை. மாலை இல்லை, மாரடிக்க ஆள் இல்லை. தறிகளோ ஊரடங்கில் ஏற்கெனவே நின்று கிடந்தன. நின்ற தறியை மறுபடி எப்படி ஐயா நிறுத்துவது? அவளுக்கென்று தருவதற்கு இந்தத் தெருவிடம் ஒரு மௌனம்கூட மிச்சமில்லையே!

சாகாத எனக்காகத் தெரு நின்றது. செத்த அவளுக்காக நிற்கவில்லை.

அன்று பகல் முழுவதும் அழுதார்கள். ஒரு தறியும் ஓடவில்லை. அத்தனை ஆண்டுகளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் மகள், ஆதிலட்சுமி அக்காவின் மடியில் முகம் புதைத்து அலறினாள். நான் அழுதேனா? இல்லை. சரிகைப் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு தட்டோடு நின்ற வரி, தாய்மார்களே, நான்தான்.

அந்த லண்டனிலும் கொள்ளைநோய் வந்ததாம். நாடகக் கொட்டகைகளை மாதக்கணக்கில் மூடினார்களாம். திறந்தபோது சனங்கள் எதைத் தேடி வந்தார்கள்? வீட்டில் இல்லாத சாவா மேடையில் இருந்தது? காணாத பிணமா அங்கே கிடந்தது? அழாமல் புதைத்த யாரையோ நினைத்து, எவனோ ஓர் அரசன் பெயரைச் சொல்லி அழ வந்தார்களோ? எனக்குத் தெரியாது. புத்தகத்தில் அப்படி இல்லையப்பா என்கிறாள் என் மகள். ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

என் சாவித்திரி போன அந்தக் கொரோனா மாதத்தில் யாரையும் பறிகொடுக்காத வீடு இங்கே எத்தனை? கை தூக்க வேண்டாம், நான் கணக்கெடுக்க வரவில்லை. வீரபாகு அண்ணே, உங்கள் தாயார் செல்லம்மாளும் அதே வாரம்தானே? சென்ற மாதம் அந்த வியாழக்கிழமை என் வீட்டு வாசலில் கடைசியாக எழுந்து போனவர் நீங்கள்தானே? நல்ல நாளில் அழக் கூடாது என்கிறீர்கள். கெட்ட நாளில் நம்மை அழவிட்டார்களா அண்ணே?

என்ன அண்ணே? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்... "நடிக்கட்டும்பா. ஆனா முடிஞ்சதும் கற்பூரம் ஏத்திடணும்" என்கிறார். ஏற்றுவோம் அண்ணே! கட்டி கட்டியாக ஏற்றுவோம்!

விளக்குப் போடுபவரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கொட்டகைகளுக்கு நடுவில் கூரை கிடையாதாம். பட்டப்பகலில் நாடகம். பார்ப்பவர் முகம் நடிப்பவருக்கும் தெரியும். இருட்டில் ஒளிந்து அழ இடமே இல்லை. ஆகவே காட்சி தொடங்கியதும் அரங்கத்து விளக்குகளை அணைத்துவிடாதீர்கள். என் மகள் உங்கள் முகங்களைப் பார்க்கட்டும். முன்வரிசையில் என் முகத்தையும் பார்க்கட்டும். இன்றைக்காவது நான் அழுது பார்க்கிறேன்.

வாய்ப்பளித்த தலைவர் ஐயாவுக்கும், மனம் இரங்கிய அண்ணனுக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

ஜெயப்ரியா, வாம்மா.