மாப்பிள்ளை யார் பக்கம்?

விரஜ்லால்: …அதெல்லாம் சரி ஜிகர்பாய். ஆனா சரக்கு எங்க இருக்கு?

ஜிகர்: சரக்கே கிடையாது அங்கிள். ஒருத்தர் பங்கு விப்பார், இன்னொருத்தர் வாங்குவார். நான் நடுவுல.

விரஜ்லால்: நடுவுல என்ன பண்ணுவீங்க?

ஜிகர்: இருப்பேன்.

ஜஸ்வந்த்: பையன் ரொம்ப அடக்கம். ராஜ்கோட்ல ஷேர் புரோக்கர்னா சும்மாவா… அந்த ஃபாஃப்டா பலகாரத்தை இப்படித் தள்ளுங்க.

விரஜ்லால்: இருங்க ஜஸ்வந்த்பாய். வரன் கொண்டுவந்தது நீங்க, பொண்ணைக் குடுக்கறது நான். ஜாம்நகர்ல முப்பது வருஷமா பித்தளைத் திருகாணி விக்கிறேன். பத்துக்கு வாங்கி பன்னெண்டுக்கு விப்பேன். இவர் சம்பாத்தியம் எனக்குப் பிடிபடணும். ஜிகர்பாய், விலை ஏறினா உங்களுக்கு என்ன?

ஜிகர்: கமிஷன்.

விரஜ்லால்: இறங்கினா?

ஜிகர்: கமிஷன்.

விரஜ்லால்: நஷ்டம்னு ஒண்ணு வருமே…

ஜிகர்: அது வாடிக்கையாளருடையது. அதுல நாங்க தலையிடறதில்ல.

விரஜ்லால்: அவர் வாங்கிட்டுச் சும்மா உட்கார்ந்துட்டா?

ஜிகர்: உட்கார விடமாட்டோம். போன் பண்ணுவோம்.

ஜஸ்வந்த்: அக்கறை.

விரஜ்லால்: எனக்குத் தலை சுத்துது. என் மச்சினனுக்கு ஒருத்தன் மியூச்சுவல் ஃபண்டு போட்டுக் குடுத்தான். ஒரு பைசா வாங்கல. அவனாவது நல்லவனா?

ஜிகர்: நல்லவர்தான். அவருக்கு ஃபண்டு கம்பெனி குடுக்கும், வருஷா வருஷம். உங்க மச்சினர் போட்ட பணத்துலேர்ந்து.

விரஜ்லால்: வாங்காதவனுக்குமா?

ஜிகர்: நம்மகிட்ட வாங்கலைன்னா, வேற யாரோ குடுக்கறாங்க அங்கிள். அவ்வளவுதான் எங்க தொழில்.

ஜஸ்வந்த்: சரி, பொண்ணு ஹேத்வியை வரச் சொல்லலாமா?

விரஜ்லால்: ஜஸ்வந்த்பாய்… நீங்க எங்கிட்ட ஒண்ணும் வாங்கலையே. சமூக சேவைன்னீங்க.

ஜஸ்வந்த்: ஆமா, சேவை.

விரஜ்லால்: மாப்பிள்ளை வீட்ல எவ்வளவு?

ஜிகர்: எங்க அப்பாகிட்டயும் சேவைன்னுதான் சொன்னார்.

விரஜ்லால்: அப்ப யாரு?

ஜஸ்வந்த்: டீ ஆறுது…

ஜிகர்: சும்மா சொல்லுங்க. நான் தொழில்காரன், தப்பா எடுத்துக்க மாட்டேன்.

ஜஸ்வந்த்: …பார்ட்டி பிளாட்காரர். கல்யாணத்துக்கு இடம் வாடகைக்கு விடறாரே, அவர். டிசம்பர் பன்னெண்டுக்கு உங்க ரெண்டு வீட்டுப் பேரையும் எழுதிட்டார். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க… அந்தத் தேதிக்கு நான் வேற ஜோடி பிடிக்கணும்.