துரைக்குப் போட வேண்டிய மருந்து

பூனைக்கு மீனை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சையாகத் தின்றால் வாந்தி எடுக்கும், வயிறும் கெடும். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதை எழுதும் ஏட்டய்யா இதை எழுதவில்லை. தேவையில்லை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. பரவாயில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் சொல்லாததால் நானே தொடங்கிவிட்டேன்.

என் பெயர் ராஜசேகரன். வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். ஆவடித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. உங்களைப் போல நானும் இன்ஸ்பெக்டர்தான். நீங்கள் ஆட்களைச் சோதிக்கிறீர்கள், நான் போல்ட்டையும் பின்னையும் சோதிக்கிறேன். ஒரு பெட்டி போல்ட் வந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்து, அது உடையும்வரை இழுத்துப் பார்ப்போம். உடைந்த போல்ட்டை நினைத்து யாரும் வருத்தப்படுவதில்லை. மற்ற போல்ட்டெல்லாம் ஒரு வண்டியைத் தாங்கப்போகிறது, அந்த வண்டிக்குள் நாலு பேர் உட்காரப்போகிறார்கள். இந்த வேலையில் என் கையெழுத்தோடு போன ஒரு பொருள்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவி பத்மாவும் துரையும்தான். துரை என்பது பூனை. எண்பத்தேழில் ஸ்டோர் யார்டிலிருந்து தானாக என் சைக்கிள் பின்னால் வந்தது. நான் கொண்டுவந்தேன் என்று சொல்ல முடியாது. துரையைத் தூக்கினால் கடிக்கும், தடவினால் கீறும். கூப்பிட்டால் வராது, வர வேண்டும் என்று அதற்குத் தோன்றினால் வரும். பத்மாவின் இரண்டு முழங்கையிலும் கீறல் இருக்கும். மஞ்சள் வைத்துக்கொண்டு மறுபடி அதற்கு மீன் முள் எடுக்க உட்காருவாள். எனக்கு அந்தப் பூனையைப் பிடித்ததற்குக் காரணம் கேட்டீர்கள். அந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்காத ஒரே உயிர் அதுதான். அப்படி ஒன்றை மதிக்காமல் இருக்க முடியாது.

தொண்ணூற்றொன்று தை மாதம் துரை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தின்றது, ஆனால் இளைத்தது. ஒயர் கூடையில் வைத்து, மேலே தலையணை உறையைக் கட்டி, ரயிலில் பட்டணத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே வேம்புலி என்று ஓர் உதவியாளர். கூடையைத் திறந்த அரை நிமிடத்தில் அவர் மணிக்கட்டில் ரத்தம்.

"இன்னா சார், பூனைன்னு சொல்லிட்டு புலிய இட்டுகினு வந்துகீறே?"

டாக்டரம்மா இளவயது, பொறுமையானவர். சர்க்கரை வியாதி என்றார். மனிதனுக்குப் போடும் அதே இன்சுலின், துளி அளவு, காலையும் மாலையும் போட வேண்டும் என்றார்.

"மருந்து குளிர்ச்சியிலயே இருக்கணும் சார். சூடு பட்டா வீரியம் போயிடும், கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொண்ணு, சாப்பிடாம இருக்கறப்போ மட்டும் போட்டுடாதீங்க. உடம்பு நடுங்கும், வேர்க்கும், கால் தள்ளாடும். உடனே சர்க்கரைத் தண்ணி குடுக்கணும். லேட் பண்ணா உயிருக்கே ஆபத்து."

இரண்டையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நான் எதையும் அரைகுறையாகக் கேட்கிற ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரு சம்பளத்தில் என் தம்பியின் படிப்பையும் தங்கையின் கல்யாணத்தையும் முடித்தவன் நான்; ஃபிரிட்ஜ் வாங்க வழியிருக்கவில்லை. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் மருந்துப் புட்டி, மேலே நனைத்த துணி. ஊசி கண்ணாடி ஊசிதான். தினமும் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினேன். துரைக்குச் சோற்றை நிறுத்தி மீன் மட்டும் கொடுத்தோம். மீனுக்காகப் பத்மா காலைக் காபியை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. அவளாகவே விட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்த வருடம் கத்திரி வெயிலில் மருந்து கெட்டுப்போனது. பார்த்தால் தெரியவில்லை, அதே பால் நிறம். பன்னிரண்டு நாள் வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். துரையின் பின்னங்கால்கள் தாழ்ந்துபோய், முயல் போலக் குதிகாலை ஊன்றி நடந்தது. பரண்மேல் ஒரே தாவில் ஏறுகிற பூனை, ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் சர்வீஸில் நான் செய்த ஒரே தவறு அதுதான். சோதிக்காத பொருளைப் பாஸ் பண்ணிவிட்டேன்.

துரையிடமே சோதிக்க முடியாது. ரத்தம் எடுக்க விடாது, மூத்திரம் பிடிக்க விடாது. அது குணமாகிறதா இல்லையா என்று தெரிய ஒரு வாரம் ஆகும். அதற்குள் முன்னங்காலும் போய்விடும். ஆகவே மருந்தை வேறு உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வேர்த்து நடுங்கினால் மருந்து நல்ல மருந்து. இதில் தவறு என்ன என்று இப்போதும் கேட்கிறேன்.

முதலில் எனக்கே போட்டுக்கொண்டேன். இதை ஏட்டய்யா கட்டாயம் எழுத வேண்டும். ஜூன் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதுகுத்தண்டில் சில்லென்று வேர்த்தது. கை நடுங்கியது. இதயம் காதுக்குள் அடித்தது. என்னவென்று சொல்ல முடியாத ஒரு பயம், கிணற்றுக்குள் யாரோ இறக்குவதுபோல. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் போய்விட்டது. ஆனால் மறுநாள்கூடக் கை சரியாக நிற்கவில்லை. என் வேலை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பாகத்தை அளக்கிற வேலை. ஆகவே அது எனக்குச் சரிப்படாது. பத்மாவுக்கு அப்படி அளக்க எதுவும் இல்லை.

அவள் அப்போது அசதி, அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சத்து ஊசி என்றேன். அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துரையோடு தினமும் மல்லுக்கட்டிய எனக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? ஒரு மணி நேரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உதடு வெளுத்தது. நான் தயாராக வைத்திருந்த தம்ளரை நீட்டினேன். பிறகு துரைக்குப் போட்டேன். பத்து நாளில் பூனை ஸ்டூலில் ஏறியது.

இரண்டு வருடத்தில் பதினேழு முறை. ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் ஒருமுறை, வெயில் நாளில் பாதிப் புட்டியில் இன்னொருமுறை. பதினாறு முறை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கணக்கை யாரும் பார்க்க மறுக்கிறீர்கள்.

அவள் ஒருமுறை சொன்னாள்: "ஊசி போட்டா என்னவோ பயமா வருதுங்க. ஆனா அப்புறம் நீங்க கரைச்சுக் குடுக்கறீங்க பாருங்க, அது நல்லா இருக்கு. கல்யாணம் ஆன இருபத்திரண்டு வருஷத்துல நீங்க எனக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல."

கேட்டீர்களா. அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

பக்கத்து வீட்டு ஜமீலாம்மா உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இருப்பது உண்மை. துரைக்கு நோய் வந்த முதல் மாதமே, "அண்ணே, அந்த மருந்த எங்க ஊட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்களேன், எந்நேரம்னாலும் கதவத் தட்டுங்க" என்று சொன்னதும் உண்மை. வேண்டாம் என்றேன். காலையும் மாலையும் ஒருவர் வாசலில் போய் நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. இன்றைக்கு ஃபிரிட்ஜ் என்பார்கள், நாளைக்கு நம்மைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காதே என்று கேட்கிறீர்கள். தேவைப்பட்டிருக்காதுதான். அதனால் என்ன? மானத்தோடு வாழ்கிற மனிதனுக்கு ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி உண்டு. நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன்.

போன ஆடி வெள்ளி. மெடிக்கல் ஷாப்பில் முதல்நாள் வாங்கிய புதுப் புட்டி. எனக்கு அன்று விடுப்பு. காலை ஆறு மணிக்கு ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். பத்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு சாமி படத்துக்கு முன் நின்றிருந்தாள்.

"இன்னிக்கு வேணாங்க. விரதம். நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கோயில்ல கூழ் ஊத்தின அப்புறம்தான் வாயில வைப்பேன்."

"எதுக்கு விரதம்?"

"உங்களுக்கும் துரைக்கும்தான். வேற யாரு இருக்காங்க எனக்கு?"

"ஊசி என்ன சாப்பாடா, விரதம் கெட்டுப்போக?" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினாள்.

டாக்டரம்மா சொன்னது எனக்கு நினைவில் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. சாப்பிடாமல் இருக்கும்போது போடக்கூடாது என்பது தெரியும். பழைய புட்டியில் மருந்து தீர்ந்திருந்தது. துரைக்குக் காலை வேளை தப்பக்கூடாது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் போட்டேன். மறதி, பதற்றம் என்று எதையும் நீங்களாக எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட ஆளாக என்னைக் காட்ட வேண்டாம்.

ஏழு மணிக்கு முன்பே அவளுக்கு வேர்த்துவிட்டது. மற்ற நாளைவிடச் சீக்கிரம். சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது, பல் கிட்டியது. மருந்து நல்ல மருந்து. துரை அதற்குள் மீனைத் தின்று முடித்திருந்தது. தின்ற சூட்டில் ஊசி போட வேண்டும். நான் ஊசியோடு திரும்பியதைப் பார்த்ததும் அது பரண்மேல் பாய்ந்து டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. கால் அவ்வளவு தேறியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் கரைத்து மேடைமேல்தான் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு அடி. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது என்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் துரை பரணிலிருந்து இறங்கி ஜன்னல் வழியே போய்விட்டால் மாலைவரை வராது. பிடிவாதக்காரர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான், தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டியை நகர்த்தினேன். துரை என் கட்டைவிரலைக் கடித்தது, இதோ தழும்பு. பழைய போர்வையை மேலே போட்டுச் சுருட்டி, தோலைப் பிடித்துத் தூக்கி, ஒரு துளிகூடச் சிந்தாமல் மருந்தை ஏற்றினேன். கீழே இறங்கும்போது மணி ஏழே முக்கால்.

பத்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. தம்ளரை வாயில் வைத்தேன். தண்ணீர் கடைவாய் வழியே தரையில் இறங்கியது. ஜமீலாம்மா என்னவோ சத்தம் கேட்டு வந்தார். ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். இன்சுலின் என்றேன். உங்கள் மனைவிக்குச் சர்க்கரை வியாதியா என்றார். இல்லை, பூனைக்கு என்றேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

பூனை இப்போது ஜமீலாம்மா வீட்டில் இருக்கிறது. மருந்து அவர் ஃபிரிட்ஜில். இரண்டு வேளையும் தவறாமல் போடுவதாகச் சொல்லியனுப்பினார். என்னைப் பார்க்க மட்டும் வர மாட்டேன் என்றாராம். அது அவர் இஷ்டம்.

நான் போட்ட ஊசியால்தான் பத்மா செத்தாள். தெரிந்தேதான் போட்டேன். சுற்றி வளைக்காமல் இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். பரணில் நின்றபோது அவள் என்னைக் கூப்பிட்டாளா என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். கூப்பிட்டாள். "ஏங்க" என்று இரண்டு முறை, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வாளே, அந்தக் குரலில். என் காதில் நன்றாக விழுந்தது. உயிர் போகிற அவசரம் என்றால் அவள்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டிருக்க வேண்டும்.