அஞ்சாவது குழி

கருத்தையா: ...தூங்கட்டும் அக்கம்மா, எழுப்பாத. மதுரையில பஸ் ஏறுனதுல இருந்து இப்பத்தான் கண்ணசருறாப்ல.

அக்கம்மாள்: தலை சன்னல் கம்பியில முட்டுதுண்ணே. இங்குட்டு சாச்சுக்கிறேன்.

கருத்தையா: இனிமே முட்டி என்னாகப் போகுது...

அக்கம்மாள்: என் வீட்டுக்காரரப் பத்திப் பேசுற. நெனப்பு இருக்கட்டும்.

கருத்தையா: வாய் தவறிருச்சு தாயி. அந்த டாக்டரு சொன்னது ஒண்ணும் எனக்கு வெளங்கல. கெணறு வெட்ட வச்ச வெடியில மேல ஒரு கீறல் இல்ல, கல்லு படல. உள்ள எப்படிக் கிழியும்?

அக்கம்மாள்: மூளை நுங்கு மாதிரியாம். அதுக்குள்ள ரத்தக்குழாயெல்லாம் நூலாட்டம் ஓடுதாம். கெணத்துச் சுவருல முட்டித் திரும்பி வந்த வெடி அதிர்வுல நுங்கு குலுங்கிருச்சு. நூலு அந்த அளவுக்கு வளைஞ்சு குடுக்காதாம்.

கருத்தையா: அப்ப நூலு நல்லதுதானே? கெட்டியாப் பிடிச்சுக்கிரும்.

அக்கம்மாள்: பிடிக்கத்தான் செய்யுது. அதுனால குலுக்கம் கொறையுமாம். ஆனா பிடிச்ச எடத்துலதான் இழுவை சாஸ்தியாம். அங்கங்க அறுந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. ஸ்கேன்ல புள்ளி புள்ளியா காட்டுனாரே, நீ பாக்கலையா?

கருத்தையா: பாத்தேன்... பாக்க முடியல.

அக்கம்மாள்: ஏழு மாசமா ஊரே இவரக் குடிகாரன்னுச்சு.

கருத்தையா: அந்தப் பேச்ச விடு.

அக்கம்மாள்: எப்படி விடுறது? குன்றக்குடிக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்த மனுசன். குடிச்சுட்டுக் கெணத்துல எறங்குனாருன்னு யாருண்ணே மொதல்ல சொன்னது? நீதானே?

கருத்தையா: கெணத்துக்காரரு சத்தம் போட்டாரு. என்னமோ ஒண்ணு சொல்லணுமேன்னு...

மருது: மச்சான்... அஞ்சும் வெடிச்சிருச்சா?

கருத்தையா: வெடிச்சிருச்சு மாப்ள. நீ தூங்கு.

மருது: சாக்கோட்டை வந்துருச்சா?

அக்கம்மாள்: இன்னும் இல்லீக. கண்ண மூடுங்க.

கருத்தையா: ...தூங்கிட்டாப்லயா?

அக்கம்மாள்: ம். ஒரு நாளைக்கு முப்பது தடவ இதே கேள்விதான். வெரல மடக்குவாரு, நாலுல நின்னுரும். அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாரு.

கருத்தையா: நீ என்னைய அப்படிப் பாக்காத.

அக்கம்மாள்: வெடி முடியுமுன்ன ஏன் எறங்குனாருன்னு டாக்டரு கேட்டாருல்ல... நீ ஏண்ணே எந்திரிச்சு வெளிய போயிட்ட?

கருத்தையா: அஞ்சு குழி, அஞ்சு திரி. மேல நின்னு வெடிச் சத்தத்த எண்ணிச் சொல்றது என் வேலை. ஒண்ணு கொறைஞ்சாலும் அரை மணி நேரத்துக்கு யாரும் எறங்கக் கூடாது.

அக்கம்மாள்: தெரியும்.

கருத்தையா: பம்புசெட்டு ரூம்புக்குப் பின்னால பீடி பத்த வச்சுக்கிட்டு நின்னேன். நாலுதான் கேட்டுச்சு. மூணும் நாலும் ஒண்ணாச் சேந்து வெடிச்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டு... "அஞ்சும் முடிஞ்சிருச்சு, எறங்கு மாப்ள"ன்னு கத்துனேன். பாதிப் படிதான் எறங்குனாப்ல, அதுக்குள்ள அஞ்சாவது வெடிச்சிருச்சு...

அக்கம்மாள்: அழுகாத. பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாக.

கருத்தையா: பாக்கட்டும். எண்ணத் தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு அந்த மனுசன் பேரையே கெடுத்துட்டேன். மானங்கெட்டவன் நான். நீயாச்சும் காறித் துப்பு தாயி.

அக்கம்மாள்: நான் எப்படித் துப்புறது...

கருத்தையா: என்ன சொல்ற?

அக்கம்மாள்: ஒண்ணுமில்ல. குன்றக்குடி வந்துருச்சு, மலை தெரியுது. கும்பிட்டுக்க.

கருத்தையா: எந்த மூஞ்சியோட கும்பிடுறது?

மருது: மச்சான்... அஞ்சும் வெடிச்சிருச்சா?

கருத்தையா: ...

மருது: அக்கம்மா, உங்கண்ணன் பேச மாட்டேங்குறான். நான் எறங்கலாமா?

அக்கம்மாள்: எறங்காதீக. நாலுதான் வெடிச்சுச்சு. எண்ணுனது அண்ணன் மட்டும் இல்லீக... சோத்து வாளியோட நானும் அங்குட்டுத்தான் நின்னேன். எனக்கும் நாலுதான் கேட்டுச்சு. அண்ணன் அஞ்சுன்னு கத்துனப்ப, கெணத்துக்காரரு முன்னால கூடப்பொறந்தவனை எப்படிப் பொய்யனாக்குறதுன்னு வாய மூடிக்கிட்டேன்.