குண்டூசிக்காரி

அசையாதீங்க... குத்திடும். அட, நானே எரிச்சல்ல இருக்கேம்மா! அறுநூறு பக்கம்! எங்க நாத்தனா எழுதின மாயக்கதை. இது முதல் பாகம்தானாம், இன்னும் வரிசையா வருதாம். தொறந்தவொடனே ஒரு வரைபடம். இல்லாத ஊருக்கு எதுக்கும்மா வழி? அப்புறம் ஒரு வாளோட தாத்தன் கதை, முப்பாட்டன் கதை. வாளுக்கு! இளவரசன் குதிரை ஏறுறான்... ஏறுறான்... ஏறிக்கிட்டே இருக்கான். அதுக்குள்ள நான் இந்த கவுனுக்கு ஓரம் மடிச்சு, கை வெச்சு, பித்தானும் தெச்சு முடிச்சிருப்பேன். அவன் இன்னும் வாசலைத் தாண்டல.

கையைத் தூக்குங்க. ம்... அப்படியே வெச்சிருங்க.

நானா போய் படிக்கலம்மா. எல்லாம் எங்க ஓரகத்தி வேலை. "அக்கா, அதுல வர்ற சூனியக்காரிய பாத்தீங்களா"ன்னு போன்ல ஒரே சிரிப்பு. அந்த சூனியக்காரி என்ன செய்வாளாம் தெரியுமா? வாயில குண்டூசிய கவ்விக்கிட்டே பேசுவாளாம். பேசுவா, பேசுவா, அப்படிப் பேசுவா... கேக்குறவங்க நின்ன எடத்துலயே கல்லாயிடுவாங்களாம். காவக்காரன் கல்லு. சமையக்காரி கல்லு. புருஷன்... அவன் முதல் அத்தியாயத்துலயே கல்லு!

...ஏன் என் வாயையே பாக்குறீங்க? தையக்காரி பின்ன ஊசிய எங்க வெச்சுக்குவா?

நீங்களே சொல்லுங்க, நான் அவ்ளோவா பேசுறேன்? எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டேன். பேப்பர்லேர்ந்து தலையே எடுக்கல மனுஷன். அவரு எப்பவுமே அப்படித்தான்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, முதல்ல நாத்தனா எழுதினதுல சூனியக்காரியே கெடையாது. ஏதோ மூணு தலைப் பறவை. நான்தான் பெரிய இவளாட்டம் சொன்னேன், "பறவைக்கெல்லாம் யாருடி பயப்படுவா? பாத்துப் பழகின ஆளா வெச்சு எழுது"ன்னு. எழுதிட்டா!

கடைசி பக்கத்துல அரமனை முழுக்க கல்லு. அந்த சூனியக்காரி மட்டும் நடுவுல நின்னு பேசிக்கிட்டிருக்கா. பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல. ஓரகத்தி அதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரலம்மா.

ம்? என்ன... வந்ததுலேர்ந்து நீங்க ஒரு வார்த்த பேசலியே? தூக்கின கை தூக்கினபடியே நிக்குது? அம்மா... ஏம்மா! குத்தினா குத்திட்டுப் போகுது, கொஞ்சம் அசைங்களேன்!