மூன்று மூட்டைச் சுண்ணாம்பு

17.09.2025 அன்று காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில், உதவி ஆய்வாளர் கேட்க மனோகரன் சொல்லியது:

என் பெயர் மனோகரன், வயது 54, தகப்பனார் காலஞ்சென்ற பால்ராஜ். பாடியில் வாடகை வீட்டில் மனைவி கஸ்தூரியுடன் குடியிருக்கிறேன். அம்பத்தூர் பக்கம் கங்காதரன் என்பவருக்குச் சொந்தமான பிளேட்டிங் பட்டறையில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்கிறேன், அதில் கடைசிப் பதினாறு வருடம் மேஸ்திரி. இரும்பு போல்ட்டுகளை ஆசிட்டில் கழுவி, துருப்பிடிக்காமல் இருக்க அவற்றின் மேல் ஜிங்க் பூச்சு ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் அங்கே பிழைத்தோம். காயம்பட்ட வீராசாமி என்பவரைச் சம்பவத்துக்கு முன் எனக்குத் தெரியாது, அவரோடு விரோதமும் கிடையாது.

எங்கள் பட்டறையில் வீரியம் குறைந்து ஓய்ந்துபோன ஆசிட்டில் சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, ஆசிட் அளவு காட்டும் மீட்டரில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே காட்டுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்புவது வழக்கம். பின்பக்கக் கால்வாயில் ஆசிட்டை நாங்கள் விட்டதில்லை. தெருவில் இருக்கும் மற்றப் பட்டறைகளும் அப்படித்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

சென்ற வருடம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. சிறு பட்டறைகள் எல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், சேராதவை மூடப்படும் என்று அதில் இருந்தது. எங்கள் பகுதிக்கான நிலையம் இன்னும் கட்டப்படவில்லை. வேலி போட்ட காலி மனையில் ஒரு பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, உள்ளே ஆடு மேய்கிறது. கட்டாத நிலையத்தில் எப்படிச் சேருவது என்று நானும் கங்காதரனும் அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டதற்கு, அது வேறு செக்ஷன் என்று பதில் சொன்னார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கக்கூடாது என்று நினைக்கிறவன் நான் இல்லை. என் வீட்டுக் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் கேன் வாங்கிக் குடிக்கிறவன்தான் நானும். ஆனால் அதே கால்வாயில் பட்டப்பகலில் கழிவுநீர் லாரிகள் குழாயைத் திறந்துவிட்டுப் போகின்றன, அவற்றுக்கு யாரும் சீல் வைத்து நான் பார்த்ததில்லை. இளைத்தவன் கதவு கைக்கு எட்டுகிறது, அவ்வளவுதான். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

18.08.2025 திங்கட்கிழமை அதிகாரிகள் இரண்டு பேர் வந்து, கால்வாயில் எங்கள் கழுவுநீர் விழும் குழாய் வாயிலில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்து, கணக்கு நோட்டையும் மீட்டரையும் சாட்சியத்துக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு, நாங்கள் கால்வாயில் ஆசிட் விடுகிறோம் என்று எழுதி, முன்பக்க ஷட்டரைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். "ஐயா, தொட்டி நிறைய ஆசிட் கீது, சரக்கு உள்ள தொங்குது, ரெண்டு மணி நேரம் குடுங்க, காலி பண்ணிட்றோம்" என்று நான் கேட்டேன். அந்த அதிகாரி கடுமையான ஆள் இல்லை. "ஆர்டர்ல அது இல்லைங்க, மனு போடுங்க" என்றார். அதன் பிறகு நான்கு மனு போட்டோம், ஒன்றுக்கும் பதில் இல்லாததால் கங்காதரன் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போனார்.

அதன் பிறகு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். என்னிடம் பதினொரு வருடம் வேலை செய்த தங்கவேல் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் கொய்யாப்பழம் விற்கிறார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி பட்டறைக்கு எதிரே உள்ள அடுக்குமாடியில் ஸ்ரீகாந்த் என்பவர் வீட்டில் சமையலுக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் தெருவைப் பற்றிப் புகார் கொடுத்த குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அது தெரிந்துதான் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் அவள் சம்பளத்தில்தான் வாடகை கொடுத்தோம்.

13.09.2025 சனிக்கிழமை பட்டறையின் பின்பக்கம் போனபோது சுவரின் அடியில் மஞ்சளாகக் கசிவதைக் கண்டும் மூக்கை எரிக்கும் நெடியை உணர்ந்தும், தொட்டி விரிசல் விட்டிருப்பதைத் தெரிந்துகொண்டேன். தொட்டி உடைந்தால் சுவரை ஒட்டிய குடிசைகளுக்குள் ஆசிட் போய்விடும். சீல் வைத்த பட்டறைக்கு டேங்கர்காரர் வரமாட்டேன் என்றார். கங்காதரனுக்குப் போன் செய்தேன். "இன்னா மனோ பண்றது? கைய வச்சா கேஸு. புதன்கெயம ஹியரிங் கீது, அதுவரிக்கும் கம்முனு இரு" என்றார். நான் இருக்கவில்லை. அதன் பிறகு நான் செய்தது எதுவும் கங்காதரனுக்குத் தெரியாது.

14.09.2025 ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, சீல் வைக்காத பின்பக்க மரக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். தொங்கவிட்ட போல்ட்டுகளில் பாதி கரைந்து கம்பி மாதிரி இருந்தன. அந்தத் தொட்டிக்கு ஐந்து மூட்டைச் சுண்ணாம்பாவது வேண்டும், இருந்தது மூன்று. மூன்றையும் கொட்டி, மூங்கில் கழியால் ஒரு மணி நேரம் கலக்கினேன். மீட்டர் இல்லை. மீட்டர் வருவதற்கு முன் நாங்கள் விரலை விட்டுத் தேய்த்துத்தான் பார்ப்போம், சுருக்கென்றால் ஆசிட் இருக்கிறது, வழவழவென்றால் சுண்ணாம்பு வென்றுவிட்டது என்று அர்த்தம். அப்படியே பார்த்தேன். சுருக்கென்று இல்லை, வழவழப்பாக இருந்தது. சரியாகிவிட்டது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் யாரும் இருக்கமாட்டார்கள் என்றும் நினைத்து, அடிவால்வைத் திறந்து கால்வாயில் விட்டேன்.

பத்து நிமிடத்துக்குள் கால்வாய் மேல் உள்ள கல்வெர்ட் பாலத்தின் பக்கம் ஓர் ஆள் அலறும் சத்தம் கேட்டு ஓடினேன். மழைக்கு முன் தூர்வார ஒப்பந்தக்காரர் ஞாயிறன்றும் ஆள் இறக்கியிருந்தார். வீராசாமி வெறுங்காலோடு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தார். அவரைத் தூக்கி மேலே உட்காரவைத்தேன். கழுவத் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடாது. அடுக்குமாடிக்கு ஓடிக் கத்தினேன். ஸ்ரீகாந்த்தான் இரண்டு குடிநீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ஊற்ற, நான் வீராசாமியின் கால்களைத் தேய்த்துக் கழுவினேன். தெறித்தது கையில் பட்டதும் ஸ்ரீகாந்த் எரிகிறது என்று உதறினார். இரண்டு கையும் அதிலேயே இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஆசிட்டில் ஊறிய விரலுக்குச் சுரணை செத்துப்போயிருந்தது. விரலில் வழவழத்தது கரையாத சுண்ணாம்பு மாவு. இதெல்லாம் எனக்கு அங்கேதான் உறைத்தது.

வீராசாமி என்னைப் பார்த்து, "நா இன்னா பண்ணேன் அண்ணாத்தே ஒனக்கு?" என்று கேட்டார்.  அதன் பிறகு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். போகும் வழியில் ஸ்ரீகாந்த், "இதுக்குத்தான் சார் நாங்க கம்ப்ளைண்ட் பண்ணோம்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் நிறைய இருந்தது, ஆனால் வீராசாமியின் தலை என் மடியில் இருந்தது. வலது பாதத்துக்குத் தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திங்கட்கிழமை பார்க்கப் போனேன். அவர் மனைவி அஞ்சலை, இனி வராதே என்றார்.

நேற்று செவ்வாய்க்கிழமை கங்காதரன் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளைக் காட்டினார். அது சீல் வைத்த அன்று எங்கள் குழாய் வாயிலில் பிடித்த தண்ணீரின் பரிசோதனை முடிவு. அதில் ஆசிட் இல்லை. இந்தத் தாளை வைத்தே இன்றைய விசாரணையில் சீலை எடுத்திருக்கலாம் என்று வக்கீல் சொன்னாராம். கங்காதரன் என்னைத் திட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு நானே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எங்கள் பட்டறை மேல் எழுதிய குற்றத்தைச் சீல் வைத்த அன்று நாங்கள் செய்திருக்கவில்லை. சீல் வைத்த பிறகு நான் செய்தேன். அந்த உத்தரவு சரியில்லை என்று இப்போதும் சொல்கிறேன், எந்த அதிகாரி முன்னாலும் சொல்வேன். வீராசாமி கட்டிலுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் முடியாது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது எல்லாம் நடந்த உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) பா. மனோகரன்