ஓம் என்று சொன்னேன்

குத்துற சத்தம் கேட்கிறது, ஷெல் கிளம்புகிற சத்தம். தூரத்தில். டும். பிறகு விசில்.

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். நான் படுத்துத்தான் இருக்கிறேன். வயிற்றுக்குக் கீழே என் மகள் துஷி. நாலு வயது. அவள் வாயெல்லாம் மண். வெடிக்கிறது. பங்கருக்கு மேலே அடுக்கிய பனங்குற்றிகள் அதிர்கின்றன. மணல் கொட்டுகிறது. கொட்டி நிற்கிறது.

பிறகு பக்கத்துப் பங்கரிலிருந்து அவர் குரல்.

"இருக்கிறியளோ?"

"ஓம்."

அது 2009, மாசி மாதம். முல்லைத்தீவுக் கரை. நாங்கள் இரண்டு பங்கர் வெட்டியிருந்தோம். ஒன்றில் என் கணவரும் மகன் நிரூபனும். மற்றதில் நானும் துஷியும். ஒரே ஷெல்லுக்கு நாலு பேரும் போய்விடக் கூடாது என்று அவர்தான் பிரித்து வைத்தார். நடுவில் கொஞ்சம் மணல். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அவர் கேட்பார். நான் சொல்வேன். இங்கே தமிழ்நாட்டில் ஆமாம் என்கிறீர்களே, அதற்கு எங்கள் ஊரில் ஓம் என்போம். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்திருந்தது. பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்தேன். விசில் கேட்கவில்லை. விசில் கேட்டால் அது நமக்கில்லை, தாண்டிப் போகிறது. அன்றைக்குக் கேட்கவில்லை. வெடித்தது. மணல் கொட்டி நின்றது. காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

கேட்காமலே சொன்னேன். ஓம். இன்னும் பலமாகச் சொன்னேன். ஓம். ஓம்.

அவர்கள் பங்கர் இல்லை. பள்ளம் இருந்தது. அக்கம்பக்கத்தார் மண்ணைத் தள்ளி மூடினார்கள். சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த திருநீற்றைத் தூவினேன். அழவில்லை. அடுத்த ஷெல் குத்துற சத்தம் கேட்டது. துஷியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எப்படியோ கடல் தாண்டினோம். ராமேஸ்வரம். மண்டபம். பிறகு காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் முகாம். இன்றைக்கும் அங்கேதான். ஒரு அறை. நடுவில் சீலை மறைப்பு. மாதாமாதம் வரிசையில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். குறை சொல்லவில்லை. அரிசி கொடுத்தார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அவளுக்குப் பெயரே வேறாகிப் போனது. "ஏ அகதி, பேனா குடு." திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். பி.காம். முடித்தாள். அரசாங்க வேலைக்கு மனுப்போட வழியில்லை. இந்த நாட்டுப் பிரஜை இல்லையாம்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்த ஒரு சொல்தான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார், "சிதம்பரமாம்மா?" நான் ஓம் என்பேன்.

"நடராஜரே ஏறிட்டாருப்பா, தள்ளி நில்லுங்க!"

பஸ் சிரிக்கும். துஷி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து சொல்வாள், "ஆமான்னு சொல்லும்மா. ஒரு வார்த்ததானே?"

பழகினேன். ஆமா. ஆமாங்க. ஆமாம்பா. கோயிலுக்குள் மட்டும் ஓம் சொன்னேன். அங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன ஆவணி. துஷிக்குக் கடலூரில் வேலை. துணிக்கடையில் பில் போட வேண்டும். கடை மூடியபின் ஊர் வந்து சேர பஸ் கிடையாது. கூட வேலை செய்கிற பெண்ணின் அறையில் ஒண்டியிருந்தாள். அங்கேயும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கடைக்குப் பக்கத்தில் தங்க இடம் இல்லையென்றால் வேலையும் இல்லை. வீடு தேடினோம். முகாம் என்று சொன்னதும் கதவு மூடியது. எல்லா இடத்திலும் அப்படித்தான்.

கடைசியாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை. போகும் வழியில் துஷி சொன்னாள், "மொதல்ல நம்மளப் பாக்கட்டும்மா. புடிச்சுப் போச்சுன்னா அப்பறம் சொல்லிக்கலாம். நீ ஆமாங்கன்னு மட்டும் சொல்லு."

வீட்டுக்காரம்மா நல்ல மனுசி. நெற்றி நிறையத் திருநீறு. என் நெற்றியையும் பார்த்தார்.

"வாங்கம்மா. எந்த ஊரு?"

"காட்டுமன்னார்கோயில் பக்கங்க," என்றாள் துஷி.

"சைவந்தானே?"

"ஆமாங்க," என்றேன்.

"ரெண்டே பேருதானா?"

"ஆமாங்க."

மாடிக்குக் கூட்டிப் போனார். கிழக்குப் பார்த்த ஜன்னல். கோபுரம் தெரிந்தது. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

"கல்லக் கட்டிக் கடல்ல தள்ளுன அடியாரு மெதந்து வந்து கரையேறுன ஊரும்மா இது. ஊரே கூடிப் போயி அழைச்சாந்துச்சாம். ஒங்களப் பாத்தா மனசுக்கு நெறவா இருக்கு. இருங்க, சாவி எடுத்தாறேன்."

நாங்களும் கடலில் வந்தவர்கள்தான். சொல்லவில்லை. அவர் கீழே போனார். துஷி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஏதோ பாத்திரம் விழுந்தது. டும். பிறகு குரல். படிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வீட்டுக்காரம்மா.

"அம்மா, இருக்கீங்களா?"

பதினாறு வருஷம். சத்தத்துக்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"ஓம்!" என்றேன். பலமாக.

துஷியின் கை என் கையை விட்டது.

வீட்டுக்காரம்மா சாவியோடு படியேறி வந்தார். "என்னாம்மா, அதுக்குள்ள ஜெபமா?" என்று சிரித்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"சிலோனா?"

"ஆமாங்க. நாங்களே சொல்லலாம்னுதான் இருந்தோம்," என்றாள் துஷி.

"தப்பா எடுத்துக்காதம்மா. சிலோன்காரங்களுக்கு வீடு குடுத்தா ஸ்டேஷன்லேர்ந்து வந்து நிப்பாங்க. எங்க வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. தொல்ல ஜாஸ்தி."

சாவி இடுப்புக்குப் போனது. வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தோம். உப்புச் சரியாக இருந்தது.

சிதம்பரத்தில் இறங்கும்வரை துஷி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டம். காட்டுமன்னார்கோயில் பஸ் வருகிறது. தள்ளுகிறார்கள். அவள் முன்வழியில் ஏறுகிறாள். நான் பின்வழியில். நடுவில் தலைகள். பஸ் நகர்கிறது. அவளைக் காணவில்லை. ஏறினாளா, தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

முன்னாலிருந்து குரல் வருகிறது.

"அம்மா! இருக்கிறியளோ?"

வெளியில் அவள் அப்படிப் பேசியதே கிடையாது. நாலு வயதில் என் வயிற்றுக்குக் கீழே படுத்திருந்தபோது அவள் காதில் விழுந்த அப்பாவின் சொல் அது. மறந்துபோயிருப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

"ஓம்!"

"இன்னும் சத்தமாச் சொல்லுங்கம்மா, பஸ்ஸுக்கே புண்ணியம்," என்றான் ஒருவன். சிரித்தார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

போனதைச் சொல்லி வைக்கிறேன். படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்திருங்கள். என் கணவர். நிரூபன், ஒன்பது வயது. வீடு. கிணறு. மாடு, சினையாக இருந்தது. அவர்கள் இரண்டு பேரையும் மூடிய இடத்துக்கு அடையாளம். கடலூரில் ஒரு மாடி அறை, கிழக்கு ஜன்னல். அதற்கு அடுத்த மாதம், துஷியின் வேலை.

மிச்சம் இரண்டு பேர். கேட்கிறவள் ஒருத்தி. ஓம் என்கிறவள் ஒருத்தி.